எந்த மலையில் தொழுவது?

வாசகியின் கடிதம்:

போதகர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 37 வயது. அயனாவரத்தில் பிறந்து வளர்ந்தேன், இப்போது பெரம்பூரில் இருக்கிறோம். தாத்தா காலத்திலிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) சபை. 14 வயதிலிருந்து பாடகர் குழுவில் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடுகிறேன். ஆராதனை முறைமையைப் புத்தகம் பார்க்காமலே முழுக்கச் சொல்வேன். இப்போது அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது. பாவ அறிக்கையை வாய் சொல்லும்போது மனம் மதியச் சமையலில் நிற்கிறது. போன வருடம் ஒரு தோழி எந்தத் திருச்சபையோடும் சேராத பெரிய சுயாதீன சபை ஒன்றுக்கு அழைத்துப்போனாள். முதல் நாளே அழுதுவிட்டேன். நான்காவது வாரம் போனபோது, கீபோர்டில் அதே இடம் வந்ததும் அதே அழுகை வருவதைக் கவனித்தேன். அதற்குப்பின் அங்கேயும் உட்கார முடியவில்லை. அம்மாவுக்கு விஷயம் தெரிந்து, "தாத்தா கல்லு சுமந்து கட்டின கோயிலை விட்டுட்டா போற?" என்று ஒரே அழுகை. (அம்மா அண்ணனோடு இருக்கிறார்கள். அப்பா இறந்தபின் வீட்டு விஷயமாக அண்ணனோடு மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. அவரும் அதே சபைதான். அது வேறு கதை.) போன மாதம் என் ஒன்பது வயது மகன், "அம்மா, சர்ச்ல மட்டும் ஏன் உன் குரல் மாறுது?" என்று கேட்டான். அன்றிலிருந்து வாயைத் திறந்து ஜெபிக்கவே கூச்சமாக இருக்கிறது. பழக்கத்துக்காக இல்லாமல் உண்மையாகத் தேவனை ஆராதிப்பது எப்படி? அதற்கு நான் எந்தச் சபைக்குப் போக வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுதி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருக்கிறேன். 31 வருடம் பீடத்தில் நின்றவன் நான். என் குரலும் மாறத்தான் செய்தது. வீட்டில் "மெட்ரோ தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்கிற குரல் ஒன்று, "கர்த்தர் உங்களோடிருப்பாராக" என்கிற குரல் வேறொன்று. என் பிள்ளைகள் அதைப்பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அதட்டுவேன் என்று தெரிந்து வைத்திருப்பார்கள்.

ஆலோசனைக்கு வருகிற எல்லாரிடமும் கேட்கிற ஒன்றை முதலில் உங்களிடமும் கேட்டுவிடுகிறேன். இந்த வறட்சி கோயிலுக்குள் மட்டுமா, எல்லா இடத்திலுமா? சாப்பாடு, பாட்டு, பிள்ளையோடு பேச்சு எதுவுமே ருசிக்காமல், தூக்கமும் கெட்டு, வாரக்கணக்கில் அப்படியே போகிறது என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு சாவைக் கேட்டபோது தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். உங்கள் கடிதத்தில் அந்தச் சோர்வு தெரியவில்லை என்றாலும் கேட்காமல் விட மனமில்லை.

இனி உங்கள் கேள்வி. இதை உங்களுக்கு முன்பே ஒரு பெண் கேட்டிருக்கிறாள், மத்தியான வெயிலில், ஒரு கிணற்றடியில். யோவான் நான்காம் அதிகாரம் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். மனப்பாடமாய் இருப்பதுதான் தொல்லை, அதனால் கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்கிறார். பேச்சு ஜீவத்தண்ணீருக்குப் போகிறது. திடீரென்று, "உன் புருஷனை இங்கே அழைத்துக்கொண்டுவா" என்கிறார். "எனக்குப் புருஷன் இல்லை" என்கிறாள். ஐந்து பேர் இருந்தார்கள், இப்போது இருக்கிறவன் உனக்குப் புருஷன் அல்ல என்று சொல்லிவிட்டு, அவர் சேர்த்துச் சொல்வது இது: "இதை உள்ளபடி சொன்னாய்." இரண்டு வசனம் போவதற்குள் அவள் பேச்சை மலைக்குத் திருப்புகிறாள். எங்கள் பிதாக்கள் இந்த மலையில் தொழுதார்கள், நீங்கள் எருசலேம் என்கிறீர்கள், எது சரி?

(நம் பிரசங்க மேடைகள் இந்தப் பெண்ணைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஐந்து புருஷர் என்றவுடன் நடத்தை கெட்டவள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். வேதத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. தள்ளுதற்சீட்டு, அதாவது விவாகரத்து, பெரும்பாலும் ஆண் கையில் இருந்த காலம் அது. ஐந்து பேரில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் அவளைத் தள்ளிவிட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவளிடம் இயேசு பாவம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. நானும் வாலிபத்தில் அவளை மேடையில் வைத்து ஏசியிருக்கிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.)

அவள் கேட்டது வீண்கேள்வி இல்லை. கெரிசீம் மலையில் சமாரியருக்கு இருந்த ஆலயத்தை, இயேசுவுக்கு நூறு வருடத்துக்கும் முன்பே யூத ஆட்சியாளன் யோவான் ஹிர்கானஸ் இடித்துப்போட்டான். இடிந்த கல்லைப் பார்த்து வளர்ந்தவள் கேட்கிறாள். உங்கள் அம்மாவின் "தாத்தா கட்டின கோயில்" என்ற அழுகையும் அந்த வகைதான், அதைக் கேலியாக எடுக்காதீர்கள். எருசலேம் ஆலயமும் கி.பி. 70இல் ரோமர் கையில் விழுந்தது. சமாரியர் ஒரு சிறு கூட்டமாக இன்றைக்கும் அந்த மலையில் பஸ்கா பலி கொடுக்கிறார்கள். மலைகளின் வழக்கு இன்னும் தீரவில்லை.

இயேசு எந்த மலைக்கும் தீர்ப்பு எழுதாமல், "ஆவியோடும் உண்மையோடும்" தொழுதுகொள்ளும் காலம் வந்துவிட்டது என்கிறார். இந்த "உண்மை"யை நாம் சரியான உபதேசம் என்று எடுத்துக்கொள்கிறோம், அல்லது உருக்கமான உணர்ச்சி என்று. ஆனால் ஐந்து வசனம் முன்னால் "உள்ளபடி சொன்னாய்" என்று வருகிறதே, மூலமான கிரேக்கத்தில் அந்தச் சொல்லும் இந்த "உண்மை"யும் ஒரே வேரில் பிறந்தவை. அவள் ஏற்கெனவே தொடங்கிவிட்டாள். கிணற்றடியில் நின்று தன் வீட்டு நிலவரத்தை உள்ளபடி ஒருவரிடம் சொன்னாளே, தொழுகை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. மலைப் பேச்சு பின்னால் வந்ததுதான்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஆல்ட்டோ, கீபோர்டு, தோழி, பாவ அறிக்கை எல்லாம் விலாவாரியாக இருக்கிறது. அண்ணன் மட்டும் அடைப்புக்குறிக்குள் இருக்கிறார். "அது வேறு கதை" என்று கதவையும் சாத்திவிட்டீர்கள். ஐயோ இந்தக் கிழவன் எங்கே வருகிறான் என்று தெரிந்திருக்கும். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

உங்கள் சபையில் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து ஆராதனையில் சமாதானம் பரிமாறும் இடம் ஒன்று உண்டல்லவா? பீடத்திலிருந்து ஆயர் கொடுக்க, உதவிசெய்கிறவர்கள் கீழே இறங்கி வந்து ஒவ்வொரு வரிசைக்கும் கொடுப்பார்கள். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை சேரும், இடது கை வந்து மேலே மூடும். இது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1947 செப்டம்பர் 27 அன்று நம் சென்னை கதீட்ரல் சாலைப் பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்திய திருச்சபை பிறந்தபோது, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று பல மரபினர் ஒன்றாக வந்து உட்கார்ந்தார்கள். பொதுவாக ஒரு திருவிருந்து முறைமை வேண்டியிருந்தது. 1950இல் வந்த அந்த முறைமையில், கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து இந்தக் கைகோத்தலை எடுத்துச் சேர்த்தார்கள். சிரியன் சபை அந்த இணைப்பில் சேரவே இல்லை, ஆனாலும் அவர்களுடைய பொருள் நம் வீட்டுக்கு வந்துவிட்டது. மேற்கத்திய சபைகள் பிற்பாடு தங்கள் வழிபாட்டைத் திருத்தியபோது நம்முடையதைக் கவனித்துப் படித்தார்கள்.

ஒருவர் தொட்ட தண்ணீரை மற்றவர் குடிக்காத ஊரில், முன்பின் தெரியாத ஒருவரின் உள்ளங்கையைப் பிடித்துச் சமாதானம் சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்தார்கள் என்றால் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும். அதுவும் காணிக்கை படைப்பதற்கு முன்பாக வைத்தார்கள். ஏன் அங்கே? பீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்று மத்தேயு ஐந்தில் இருப்பதற்காக.

நீங்கள் பாடகர் குழுவில் இருக்கிறீர்கள். அண்ணன் ஏதோ ஒரு வரிசையில் இருக்கிறார். மூன்று வருடமாக அந்தச் சமாதானம் உங்கள் இரண்டு பேரின் கைகளையும் தனித்தனியாகத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்குமேல் பாவ அறிக்கையில் மனம் நிற்கவில்லை என்றால், எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. நிற்காத மனம் ஒருவகையில் நேர்மையான மனம். சமையலை நினைப்பது அதற்குச் சுலபமாக இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அண்ணன்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கடிதத்தை வைத்து அப்படிச் சொல்கிறவன் ஆலோசகன் இல்லை, ஜோசியக்காரன். ஆனால் கடிதத்தில் உங்கள் குரல் மாறுகிற இடம் அதுதான். உங்கள் மகனுக்குக் கேட்பது எனக்கும் கொஞ்சம் கேட்கிறது.

வீட்டு விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "மன்னித்துவிடு" என்ற பெயரில் பெண்களிடம் கையெழுத்து வாங்குவதை என் ஊழியத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்று வித்தியாசம் கிடையாது. உங்கள் பங்கைக் கேட்பது பாவமில்லை. ஒப்புரவாகுதல் என்றால் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுதல் என்று அர்த்தமும் இல்லை. வக்கீலைப் பார்க்க வேண்டுமென்றால் பாருங்கள். வழக்கு ஒருபக்கம் நடக்கும்போதே "சாப்பிட்டீங்களா அண்ணா?" என்று கேட்க முடியும். சுலபம் என்று சொல்லமாட்டேன். நான் கேட்பது அதற்கும் முந்தின ஒரு காரியம், கீழே வருகிறேன்.

இப்போது பாரம்பரியம். அதைத் தூக்கிப்போட்டால்தான் உண்மையான ஆராதனை வரும் என்று உங்கள் தோழி சொல்லியிருக்கலாம். மாற்கு ஏழில் இயேசு பாரம்பரியத்தைக் கடிந்துகொள்வது நிஜம். ஆனால் எந்த இடத்தில் என்று பாருங்கள். கை கழுவாமல் சாப்பிட்டதில் பேச்சு தொடங்குகிறது, ஆனால் அவர் உதாரணமாக எடுப்பது, பெற்றவர்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல், "அது கொர்பான், தேவனுக்குக் கொடுத்தாயிற்று" என்று தப்பித்துக்கொள்வதைத்தான். உதடுகளால் கனம்பண்ணுகிறார்கள், இருதயமோ தூரமாயிருக்கிறது என்ற ஏசாயாவின் வரியை எடுப்பதும் அதே இடத்தில்தான். பழசு என்பதற்காக அவர் எதையும் தள்ளவில்லை. ஓய்வுநாளில் "தம்முடைய வழக்கத்தின்படியே" ஜெபஆலயத்துக்குப் போனார் என்று லூக்கா எழுதுகிறார். அவருக்கும் வழக்கம் இருந்தது, வாரம் தவறாமல்.

நாம் பழசு என்று நினைப்பதெல்லாம் ஒருகாலத்தில் வம்பாகத்தான் இருந்தது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற கீர்த்தனைகளின் பெரும்புலவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் பிறந்தவர், சரபோஜி மன்னரின் நண்பர். 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் இந்தத் தமிழ் இசையைக் கோயிலுக்குள் வேண்டாம் என்று நிறுத்தப் பார்த்தார்கள். சாஸ்திரியார் விடவில்லை, மனு மேல் மனு எழுதினார். இன்றைக்கு யாராவது கீர்த்தனையை நிறுத்தினால் உங்கள் கமிட்டியில் எலெக்ஷன் சண்டையைவிடப் பெரிய சண்டை நடக்கும். கதையின் மறுபாதியையும் சொல்லவேண்டும். அதே சாஸ்திரியார், திருவிருந்தில் சாதி வேற்றுமையை விடச்சொன்னதையும் எதிர்த்தார். இசையில் அவர் பக்கம் நியாயம், பந்தியில் அவர் பக்கம் அநியாயம். பாரம்பரியம் என்று நம் கைக்கு வருவது இப்படிக் கல்லும் நெல்லும் கலந்துதான் வருகிறது. புடைத்துத்தான் எடுக்கவேண்டும், முறத்தோடு வீசிவிட்டால் சோறு கிடையாது.

சுயாதீன சபைக்காரர்களை நான் குறைசொல்லப் போவதில்லை. சொந்த வார்த்தையில், சத்தமாக, நாலுபேர் நடுவில் ஜெபிக்கலாம் என்ற தைரியத்தை வியாசர்பாடியிலும் கண்ணகி நகரிலும் எத்தனையோ பெண்களுக்கு அவர்கள்தான் கொடுத்தார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. ஆனால் அங்கேயும் முறைமை உண்டு, அச்சடிக்கவில்லை, அவ்வளவுதான். வேகமான பாட்டு மூன்று, மெதுவான பாட்டு இரண்டு, கீபோர்டு தாழ்ந்து இழைய ஒரு ஜெபம், சாட்சி, காணிக்கை, செய்தி. ஆறு மாதம் போனால் அதுவும் மனப்பாடம் ஆகிவிடும். உங்களுக்கு நாலே வாரத்தில் ஆகிவிட்டது, பாடகர் குழுக் காது.

அந்த அழுகையைப் பொய் என்று தள்ளவேண்டாம். அம்மாவின் தாலாட்டுக்கும் தூக்கம் வருவது ராகத்தால்தான், அதற்காகத் தாலாட்டு ஏமாற்று வேலை ஆகிவிடுமா? இசை கதவைத் திறந்தது. உள்ளே ஏதோ அழவேண்டியது இருந்தது, வெளியே வந்தது. அது என்ன என்று நீங்கள் இதுவரை பார்க்கவில்லை. ராகத்தைக் கவனித்தீர்கள், அழுதவளைக் கவனிக்கவில்லை.

என் கதை ஒன்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயில்களைச் சாத்தினோம் அல்லவா? பல மாதங்கள் காலி ஆலயத்தில் ஒரு மொபைல் போனுக்கு முன்னால் நின்று ஆராதனை நடத்தினேன். முதல் ஞாயிறு "கர்த்தர் உங்களோடிருப்பாராக" என்று சொன்னேன். பதில் இல்லை. அந்த இடத்தில் பதில் வரும் என்று 30 வருடமாகக் காது பழகியிருந்தது. பதில் வராததால் அடுத்த வரி எனக்கு வரவில்லை. பயந்துபோய்ப் புத்தகத்தைப் புரட்டுகிறேன். கடைசிப் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்), துணியைக் கையில் வைத்துக்கொண்டே, உரக்கப் பதில் சொன்னார். அவருக்கு எழுதப்படிக்கத் தெரியாது, கேட்டுக்கேட்டு வந்த பாடம். நான் அதுவரை சடங்கு என்று நினைத்த அந்த முணுமுணுப்பு, என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. மனப்பாடமானது எல்லாம் செத்ததில்லை, சகோதரி. நீங்கள் வறண்டிருக்கிற நாளில் பக்கத்துப் பெஞ்சுக்காரர் உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆனால் மனப்பாடத்துக்குள் நம்முடைய சொந்தச் சரக்கு ஒன்றாவது போகவேண்டும். இங்கேதான் குரல் மாறுகிற விஷயம் வருகிறது.

நாம் தேவனை "நீர்" என்று கூப்பிடுகிறோம். யோசித்துப் பாருங்கள், பெரம்பூரில் வேறு யாரையாவது நீங்கள் "நீர்" என்று கூப்பிடுகிறீர்களா? என் தகப்பனார் திருநெல்வேலிக்காரர். அவர் ஊரில் டீக்கடையில்கூட "நீரு எப்பம் வந்தீரு?" என்று கேட்பார்கள். அவருக்கு அது உயிருள்ள சொல், ஜெபத்துக்குள் அப்படியே நடந்து போனது. உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைச் சொல். "தேவரீர் கிருபை கூர்ந்தருளும்" என்று தொடங்கியவுடன் குரல் தானாகப் பட்டுப்புடவை கட்டிக்கொள்கிறது. பட்டுப்புடவை அழகுதான், விசேஷத்துக்கு வேண்டும். வீட்டில் தனியாக இருக்கும்போது அது எதற்கு?

ஆகவே கோயிலை மாற்றுவதற்கு முன்னால் பேச்சை மாற்றிப் பாருங்கள். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்தபின் பத்து நிமிஷம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, உங்கள் சொந்தத் தமிழில் பேசுங்கள். "நீ" என்று வந்தால் "நீ" என்றே இருக்கட்டும். தெய்வத்தை உரிமையோடு "நீ" என்று கூப்பிடுவது தமிழ் பக்திப் பாட்டுக்கு ஒன்றும் புதிதில்லை. ஸ்தோத்திரத்தில் ஆரம்பிக்கவேண்டும் என்ற சட்டமும் வேண்டாம். அண்ணனில் ஆரம்பியுங்கள். "எனக்கு அவன்மேல எரியுது. அப்பா சாவுக்கு வந்தவங்க போறதுக்குள்ள பத்திரத்தை நீட்டினான்" (உங்கள் வீட்டில் என்ன நடந்ததோ, அதை வைத்துக்கொள்ளுங்கள்). மேலே சொன்ன முந்தின காரியம் இதுதான். மன்னிப்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் உள்ளபடி சொல்லுங்கள்.

இப்படிப் பேசலாமா என்று தோன்றினால் சங்கீதங்களைத் திறந்து பாருங்கள். 150இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் சண்டைக்கே நிற்கிறது. 88ஆம் சங்கீதம் கடைசியில் நம்பிக்கை வரி ஒன்றுகூட இல்லாமல் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது, அதையும் வேதத்திலிருந்து யாரும் எடுக்கவில்லை. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் இந்த வசனங்கள் வருவதே இல்லை என்பது வேறு விஷயம். அன்னாள் கோயிலில் உதடு மட்டும் அசைய அழுதபோது, குடித்திருக்கிறாள் என்று நினைத்தான் ஆசாரியன் ஏலி. உண்மையான ஜெபத்தைப் பார்த்தால் எங்களைப்போன்ற தொழில்முறை ஆட்களுக்கே அடையாளம் தெரிவதில்லை. அதனால் யாராவது வித்தியாசமாகப் பார்த்தால் கவலைப்படாதீர்கள்.

ஞாயிறு ஆராதனையில் ஒன்று செய்து பாருங்கள், நான்கு வாரத்துக்கு மட்டும். உங்களால் உள்ளபடி சொல்ல முடியாத வரியைச் சொல்லாதீர்கள். வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். நீங்கள் பாடகர் குழுவில் இருப்பதால் முன்வரிசைக்காரர்கள் கவனிப்பார்கள், கவனிக்கட்டும். எந்த வரியில் வாய் நின்றதோ அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரி அந்தப் பத்து நிமிஷத்தில் எடுங்கள். பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் வாய் நிற்கும் என்று நினைக்கிறேன். நின்றால் நல்லது. மூன்று வருடமாக நிற்காமல் ஓடியிருக்கிறது. பாட்டை மட்டும் விடாதீர்கள், ஆல்ட்டோ இல்லாமல் டெனர்காரர்கள் தடுமாறுவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உருக்கம் வராமல் போகலாம். கல்கத்தாவின் அன்னை தெரேசா 1997இல் மறைந்து பத்து வருடம் கழித்து அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோதுதான், பல பத்தாண்டுகள் தேவன் அருகில் இருக்கிற உணர்வே இல்லாமல் அவர் இருட்டில் ஜெபித்தார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. காலையில் எழுந்து ஜெபித்தார், தெருவுக்குப் போனார். "வழிபாடு" என்ற நம்முடைய சொல்லைப் பாருங்கள். பழந்தமிழில் வழிபடுதல் என்றால் ஒருவர் வழியில் பின்னே நடத்தல். அந்தச் சொல்லில் கண்ணீரும் இல்லை, சிலிர்ப்பும் இல்லை, கால் மட்டும்தான் இருக்கிறது. ரோமர் 12இல் பவுல் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதைத்தான் "புத்தியுள்ள ஆராதனை" என்கிறார், பாட்டைச் சொல்லவில்லை.

எந்தச் சபை என்று கேட்டீர்கள். நான்கு வாரம் கழித்து முடிவெடுங்கள். இங்கேயே இருந்தாலும் சரி, வேறு இடம் போனாலும் சரி. ஆனால் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகப் போகிறீர்களா என்பதை மட்டும் உங்களுக்கு நீங்களே உள்ளபடி சொல்லிக்கொண்டு போங்கள். அப்படிப் போனால் புது இடத்திலும் பாட்டு முடிந்து கொஞ்ச நாளில் சமையல் ஞாபகம் வரும்.

அம்மாவிடம் இந்தப் பெரிய விளக்கமெல்லாம் வேண்டாம். வயதானவர்களுக்கு மகள் கோயிலை விடுகிறாள் என்றால், தன்னை விடுகிறாள் என்றுதான் காதில் விழும். அடுத்த வாரம் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தா கல் சுமந்த கதையைக் கேளுங்கள். அண்ணன் வீடாயிற்றே என்பீர்கள். ஆமாம், தெரிந்துதான் சொல்கிறேன். அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனாலும் முதல் தடவைக்குப் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. மகன் கேட்டான் என்று எழுதினீர்கள், அவனுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. இன்னும் சொல்லவில்லை என்றால் அவசரம் வேண்டாம். "எனக்கும் தெரியலடா, நானும் அதைத்தான் பாத்துட்டு இருக்கேன்" என்றால்கூடப் போதும். அதற்கு அவன் திரும்ப என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுதுங்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இன்னொரு சீட்டுக்கு இடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் போதகர்